கழுத்துப் பிடிப்பு

அம்மா கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளைப்பாக்கத்திலிருந்துகூடக் கழுத்தைக் கோணிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "உங்கம்மா காலுக்கு ஒரு கோயில் கட்டணும்டா" என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தொண்ணூற்றொன்றில், நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது, தங்கையின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு வயது அவளுக்கு. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள். "தூங்கசொல்ல பிடிச்சிகினு கீது" என்று அம்மா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கால் கட்டைவிரலால் பட்டும் படாமலும் நீவினாள். "கூசுதும்மா" என்று சிரித்தாள் தங்கை. ரெண்டு நாளில் சரியாகிவிட்டது.

மறுபடி வந்தது. மறுபடி நீவினாள். மழைக்காலம் இப்படியே போனது. ஒரு மத்தியானம், வலது கையால் சோற்றை எடுக்க முடியாமல் தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கழுத்தெலும்புக்குள் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு நீர்க்கட்டி. கருவிலேயே உண்டாவது, ரொம்ப அபூர்வம், நடுவில் வலி தானாகவே குறைந்து ஏமாற்றும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கால்ல மிதிச்சதால வந்துதா டாக்டரு?"

"இல்லம்மா. பொறக்கும்போதே இருந்தது. நீங்க பண்ணது எதுவும் இல்ல."

கட்டி தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தங்கை கண் திறக்கவே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அம்மா யாரையும் திட்டவில்லை. பிடிப்பு என்று யார் வந்தாலும் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

பல வருஷம் கழித்து ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தன. நானும் ஒன்றில் சேர்ந்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது எனக்குக் கழுத்து திரும்பவில்லை. அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். ஆட்டோவில் வழியெல்லாம் என் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து எடுக்கவைத்தாள்.

"வெறும் பிடிப்புதான், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை.

"டாக்டரு, கால்ல மிதிச்சா கொழந்தைக்குக் கட்டி வருமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எந்தக் குழந்தைக்கும்மா?" என்று கேட்டார்.