மறுப்புரையால் பட்டினி கிடந்த சனிக்கிழமை

மேடைப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மறுப்புரை. எதிரணியினர் அரும்பாடுபட்டு அடுக்கி வைத்த வாதங்களில் அடியில் இருப்பதை மட்டும் உருவிவிட்டு, மற்றவை சரிவதை நின்று பார்ப்பதில் அலாதியான இன்பம் உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பட்டிமன்றத்தில் என் அணியின் இறுதிப் பேச்சாளன் நான்தான். இதை அடக்கத்தோடு சொல்ல முயன்று பார்த்தேன், இயலவில்லை.

அப்படிப்பட்ட என்னை லூமுட் கடற்கரையில் என் சித்தி மகள் இரண்டே வாக்கியங்களில் வீழ்த்தினாள். விடுமுறைக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். என்னைவிட இரண்டே மாதம் இளையவள். அந்த இரண்டு மாதத்துக்காக அவள் என்னை "அண்ணே" என்று அழைப்பதில் மரியாதையை விடக் கேலிதான் அதிகம்.

"கடலப் பாத்து நாற்காலி போட்ட கடைப் பக்கம் போகாதண்ணே. படகுக்காரங்க எங்க சாப்புடுறாங்களோ அங்க போ."

அவ்வளவுதான் அவள் பேச்சு. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. படகுத்துறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு கடையில் சுட்ட மீனைத் தின்றுவிட்டு என் குடும்பமே அவளைப் புகழ்ந்தது. என் தாயார் விரல்களை நக்கியபடி புகழ்ந்தார். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"உங்க மலைல சாப்புட என்னண்ணே இருக்கு? குளிரும் முட்டைக்கோசும்தானே லா?"

"வந்து பாரு. எங்க சாப்புடணும், எத ஒதுக்கணும்னு ஒரே நாள்ல காட்டுறேன்."

"சரி. நாலு மணிக்குள்ள நீ காட்டுற கடைல நாங்க எல்லாரும் வயிறு நெறய சாப்புடணும், நல்லாருக்குன்னு சொல்லணும். இல்லாட்டி மறுநாள் முழுக்க நீ வாயத் தொறக்கக் கூடாது. சாப்புட மட்டும் தொறக்கலாம்."

ஒப்புக்கொண்டேன். பிறகுதான் அவள், தாங்கள் வரப்போவது ஒரு சனிக்கிழமை என்று நாளைச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள்தான் பட்டிமன்றம். அது தற்செயல் என்று இன்றுவரை சாதிக்கிறாள். பின்வாங்கியிருக்கலாம். ஆனால், தோற்பேன் என்று அஞ்சுகிறவன்தானே பின்வாங்க வேண்டும்?

சனிக்கிழமை காலை, வீட்டில் பசியாற எதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மாவை நானே தடுத்தேன். பசித்த வயிறு நல்ல அவை என்பது என் கணக்கு. சித்தப்பா காரை ஓட்ட, நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். சித்தியும் தங்கையும் பின்னால். பிரிஞ்சாங்கில் தோசையோடு தொடங்கி, வடக்குக் கோடியில் இருக்கும் கம்போங் ராஜாவில் சூடான மீ நூடுல்ஸ் சூப்போடு முடிப்பதாகத் திட்டம்.

பிரிஞ்சாங்கில் நுழைந்ததுமே சித்தியின் கண் ஒரு ஸ்டீம்போட் கடை மேல் விழுந்தது. நான் எழுந்து நிற்காத குறையாக முழங்கினேன்.

"விருந்தாளியை அழைத்து உட்கார வைத்து, கொதிக்கிற சட்டியையும் கரண்டியையும் அவர் கையிலேயே கொடுத்து, 'நீயே வேகவைத்துக்கொள்' என்பது உபசாரமா? உழைப்புச் சுரண்டலா?"

சித்தப்பா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினார். கார் ஒரு முறை ஆடி நேரானது. கடை பின்னால் போனது.

அடுத்துச் சோளம் அவிக்கும் கடை. ஆவியைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்றேன். சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரி வந்தது. புளிப்பை மறைக்கப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள் என்றேன். கைதட்டல் கிடைக்கக் கிடைக்க என் குரல் ஏறியது. இறுதியாக நான் தேர்ந்து வைத்திருந்த தோசைக் கடை வந்தது. அதன் வாசலில் இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் நின்றன.

"பேருந்து ஏற ஏறச் சட்டினியில் தண்ணீர் ஏறும்," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான், மறுத்தது என் சொந்த முன்னுரையை என்பது உறைத்தது. பேச்சாளன் சொன்னதைத் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே அதையும் கடந்தோம்.

குன்றின் மேல் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி ஒரு தேநீர்க் கடை உண்டு. பன்னும் ஜாமும் தருவார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "கொழுந்து பறிக்கிறவள் மகன், அந்தக் கொழுந்தில் போட்ட தேநீருக்கு வரிசையில் நிற்பதா?" என்று கேட்டேன். அன்றைய பேச்சிலேயே அதுதான் உச்சம். ஆனால் இம்முறை கைதட்டல் வரவில்லை.

வடக்குச் சாலையில் வாகன நெரிசல் எங்களைப் பிடித்துக்கொண்டது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டார். தங்கை கைத்தொலைபேசியில் மீன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே.

"தம்பி," என்றார் சித்தப்பா. "நீ பேசுறது ரொம்ப நல்லாருக்கு. கொஞ்சம் உப்பு போட்டா அதயே சாப்புட்டுறலாம்."

கோலா தெர்லாவில் கார் ஊர்ந்தது. சாலையோரம் காய்கறி லோரிகளில் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய ஒரு கடை. மூட்டை தூக்குகிறவர்கள் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வாகனப் புகை படிகிற இடத்தில்..."

பின்கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. ஊர்ந்துகொண்டிருந்த காரிலிருந்து சித்தி இறங்கிப் போயிருந்தார்.

தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, நெத்திலிச் சம்பல், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த முட்டைக்கோசு வடை. எல்லாரும் ஆளுக்கு இரண்டாவது தட்டு வாங்கினார்கள். கடைக்கார அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ கோயில்ல பேசுற தம்பிதானே? மொதல்ல தின்னு, அப்புறமா பேசு."

தங்கை சம்பலை வழித்துவிட்டுச் சிரித்தாள். "நெத்திலிண்ணே! உங்க மலைல எங்க கடல்தான் நல்லாருக்கு."

சித்தியும் சித்தப்பாவும் நல்லாருக்கு என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்குக்கு இன்னும் பத்து நிமிடம். உடனே வாதத்தை எழுப்பினேன்: நேரத்துக்குள் எல்லாரும் உண்டார்கள், எல்லாரும் புகழ்ந்தார்கள், ஆகவே வெற்றி எனதே.

"இந்தக் கடைய நீயா காட்டுன? வேணாம்னுதானே ஆரம்பிச்ச?" என்றாள் தங்கை.

"ஆரம்பித்தேனே தவிர முடிக்கவில்லை!"

வடை நிறைந்த வாயோடு சித்தப்பா தீர்ப்பளித்தார். "நீ முடிச்சிருந்தா நாம இந்தக் கடையையும் தாண்டியிருப்போம் தம்பி."

மேல்முறையீட்டுக்கு வழியில்லை. தங்கை இன்னும் பத்து வடை கட்டி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. அம்மா காலையிலிருந்தே நல்ல மனநிலையில் இருந்தார். மாலையில் மண்டபம் நிறைந்தது. தலைப்பு: சுற்றுப்பயணிகளின் வருகை மலைக்கு வரமா, சுமையா? எங்கள் அணி வரம். என் முறை வந்ததும் அணித் தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் வாயைச் சுட்டிக்காட்டி, கையை விரித்தேன். அவர் முகம் வெளுத்ததை நான் மறக்க மாட்டேன். அப்போது, அண்ணனுக்குப் பதில் தான் பேசுவதாகச் சொல்லிக் கூட்டத்திலிருந்து என் தங்கை எழுந்து வந்தாள்.

ஸ்டீம்போட், சோளம், தோசை, தேநீர் என்று என் மறுப்புரைகள் அனைத்தையும் என் குரலிலேயே பேசிக் காட்டினாள். கை நீட்டும் தோரணை உட்பட எதையும் விடவில்லை. மண்டபம் குலுங்கியது. பிறகு இரண்டே வாக்கியம்.

"அண்ணன் பொறந்ததுலேருந்து இந்த மலைலதான் இருக்காரு, எங்க சாப்புடணும்னு அவருக்குத் தெரியல. வெளியூர்க்காரங்க நாங்க வந்துதானே லா காட்ட வேண்டியிருக்கு, அப்ப நாங்க வரம்தானே?"

எங்கள் அணி வென்றது. நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழக்கமாகப் பேசும் தம்பி ஒரு சொல்லாவது சொல்லட்டும் என்று என்னை அழைத்தார். நான்கு நிமிட மறுப்புரை, இரண்டு உவமைகளோடு, என் நாக்கு நுனியில் நின்றது. ஒலிவாங்கியின் முன் போனேன். வாயைத் திறந்தேன். தங்கை அதில் ஒரு வடையை வைத்தாள்.

மென்றேன். அவை எழுந்து நின்று கைதட்டியது. என் மேடை வாழ்வில் அவ்வளவு பெரிய கைதட்டலை அதற்கு முன் நான் பெற்றதில்லை.

மறுநாள் காலை அவர்கள் புறப்படும்போது, கார்ச் சன்னலில் குனிந்து என் முதல் வாக்கியத்தைப் பேசினேன்.

"அந்த வடை ஆறிப்போயிருந்தது."