கத்தி வைக்காத ஆஸ்பத்திரி

வயிற்றில் பிள்ளை இருந்தபோது எனக்கு இருந்த ஒரே பயம் கத்திதான். ஆபரேஷன் செய்த தையலில் சீழ் பிடித்து, பெற்ற குழந்தையைத் தூக்கக்கூட முடியாமல் அக்கா கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அதனால் திருப்பாதிரிப்புலியூரில் கைக்குழந்தையோடு யாரைப் பார்த்தாலும், "எந்த ஆஸ்பத்திரி? நார்மலா, ஆபரேஷனா?" என்று வெட்கமில்லாமல் கேட்பேன். கடலூரில் பெற்றவர்கள் பாதிக்குப் பாதி. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெற்றவர்களோ, அடேயப்பா, கேட்டவளெல்லாம் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பெற்ற ஒருத்திக்கும் தையல் இல்லை.

"மாமா, நான் அங்கதான் போறேன். அவுங்க கத்தியே எடுக்க மாட்டாங்களாம்" என்றேன் கணவரிடம்.

"சிதம்பரத்துல வசதி ஜாஸ்திடி."

"அறுக்கறதும்தான் ஜாஸ்தி. நாலு பேர கேட்டுட்டுத்தான சொல்றேன்!"

அவரும் சம்மதித்துவிட்டார். என் பிடிவாதம் அவருக்குத் தெரியும்.

வலி எடுத்து அங்கேதான் போனோம். மத்தியானம் நர்ஸ் என் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். கொஞ்சம் நகர்த்தி வைத்து மறுபடி கேட்டாள். அவள் முகம் மாறிவிட்டது.

"துடிப்பு கொறையுதும்மா. ஒடனே சிதம்பரம் கெளம்புங்க."

"இங்கயே பாருங்க சிஸ்டர்."

"இங்க தியேட்டரே இல்லம்மா. ஆபரேஷன்னா எல்லாரையும் அங்கதான் அனுப்புவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிதம்பரத்தில் அறுத்தார்கள் என்று சொன்ன ஒருத்தியிடமாவது, முதலில் எங்கே போய்ச் சேர்ந்தாய் என்று கேட்டேனா? எப்பேர்ப்பட்ட மடச்சி நான்!

வண்டியில் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். அசைவே இல்லை. "அசையுதா, அசையுதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லப் பயமாக இருந்தது.

சிதம்பரத்தில் டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். "பேசிக்கிட்டு நிக்காதீங்க டாக்டர், சீக்கிரம் அறுங்க!" என்று கத்தினேன்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் குழந்தையை எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. அழுகை கேட்கவில்லை. "ஏன் அழல? ஏன் அழல?" என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கடவுளே, என்னை எங்கே வேண்டுமானாலும் அறுத்துக்கொள், அது அழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் என் மகள் அழுதாள்.