புட்டுக்குழல் வீரன் சாடிய கிணறு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த வீடு இன்றைக்கும் மார்த்தாண்டத்தில் இருக்கிறது. போன ஆடி மழையில், பட்டப்பகலில், பெர்லின் என்ற பெயருள்ள ஒருவனுக்கு நடந்தது இது.

ஒரே இதழோடு நின்றுபோன பழைய சிரிப்பு காமிக்ஸ்களைத் தேடிப் பிடித்து, வாசித்து வீடியோ போடுவது பெர்லினின் கிறுக்கு. புதிதாக வாடகைக்கு வந்த வீட்டின் மச்சிலேயே ஒன்று கிடைத்தது. ‘புட்டுக்குழல் வீரன்’. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, புட்டு அவிக்கும் குழலின் ஆவியில் பறக்கும் சூப்பர் ஹீரோ. தும்மினால் சக்தி போய்விடும்.

மனைவி அபினா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் போயிருந்த நேரம். வெளியே மழை. போனில் பதிவை ஓடவிட்டு வாசித்தான். திருடன் மிளகாய்ப்பொடி தூவும் இடத்தில் உள்ளறையில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

அபினா வந்துவிட்டாள் போல என்று நினைத்தான். மேலே வாசித்தான்.

மறுபடி சிரிப்பு. இந்த முறை, அவன் வாசிக்கும் முன்பே...

பக்கத்தைத் திருப்பினான். கடைசித் தாள் இல்லை.

“தும்முவான்” என்றது உள்ளறை. “பொறவு கெணத்துல சாடுவான். ஒண்ணும் ஆகாது.”

சின்னப் பையனின் குரல்.

“நீயும் சாடுவியா?”

பிறகு...

முகத்தில் மழை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அபினா. மழைக்குப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்தார்கள். அவன் கிணற்றுச் சுவர்மேல், உள்ளே குதிக்கப் போகிறவனைப் போல நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் துண்டு. முடிச்சு பிடரியில், வேறு யாரோ பின்னால் நின்று கட்டியதுபோல.

போனில் இருந்த பதிவில் பையனின் குரலே இல்லை. பெர்லின் மட்டும் யாருக்கோ பதில் சொல்கிறான்.

“சாடுவேன்.”

வீட்டுக்காரர் ராஜையன் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். அந்தக் கிணற்றில் செத்தது அவருடைய அண்ணன் சுந்தர்சிங். பத்து வயது. அவன் அந்த காமிக்ஸைப் பழைய புத்தகக் கடையில் வாங்கும்போதே கடைசித் தாள் கிடையாதாம். ஆனாலும், வீரன் சாடியும் ஒன்றும் ஆகவில்லை, நானும் சாடப் போகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினானாம்.

வீட்டைக் காலி செய்த பிறகு, ஒரு சேகரிப்பாளர் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். வீரன் தும்முகிறான். வைக்கோல்போரில் விழுகிறான். திருடனோடு உட்கார்ந்து புட்டு தின்கிறான். அவ்வளவுதான். கதையில் கிணறே இல்லை.

பெர்லின் அதை ராஜையனிடம் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அப்பம், எங்க அண்ணன்கிட்ட கெணத்தச் சொன்னது யாரு மக்கா?”