காய வைத்த படகு

ஒரே படகின் ஒரே முன்சீட்டை ஐந்து பேருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, நீச்சல் தெரியாது, படகும் இன்னும் வாங்கியாகவில்லை. இன்றுவரை நீச்சல் தெரியாது. வாக்குக் கொடுக்கும் பழக்கம் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்த ஐவரில் ஒருவன் இப்போது ஆரணியில் பல் டாக்டர். எனக்குப் பல் வலி வந்தால் செய்யாறுக்குப் போய்விடுகிறேன்.

படகு வாங்க நினைத்தவர் என் தாய்மாமன். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு உள்ள ஒரு பட்டு நெசவு ஊரில் உனக்கு எதற்குப் படகு என்று கேட்க எங்கள் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோரும் கேட்டார்கள். மாமாவிடம் பதில் இருந்தது. அந்த வருஷ மழையில் ஊருக்கு வெளியே ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. காணும் பொங்கலன்று சனம் கட்டுச்சோற்றோடு ஏரிக்கரைக்கு வரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போகும்.

"பாக்கறதுக்கே இவ்ளோ பேர் வராங்க. மேல போறதுன்னா வர மாட்டாங்களா?" என்றார்.

மாமாவின் தொழில் கச்சாப் பட்டு வாங்கி நெசவாளர்களுக்குக் கொடுப்பது. அதில் அவர் கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கே உரிய சலிப்பில் அவ்வப்போது வேறு ஏதாவது தொடங்குவார். முந்தைய வருஷம் முயல் பண்ணை. முயல் பெருகும் என்று சொன்னார்கள், சொன்னபடியே பெருகியது; வாங்குகிற ஆள்தான் பெருகவில்லை. ஆகவே இந்த முறை அத்தை ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதுவும் கவுந்துதுன்னா பேசாம பெரணமல்லூர் வந்து எங்கண்ணன் மில்லுல நில்லுங்க."

அத்தையின் அண்ணன் அங்கே மாவு மில் வைத்திருந்தார். காலை முதல் மாலை வரை மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் தலையில் படிய நின்று, வாடிக்கையாளர்கள் முன்னால் மச்சானிடம் "மாப்ளே, அந்தத் தூக்கை நவுத்து" என்று ஏவல் கேட்பதை மாமா கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். மரியாதையாகப் பட்டு நூல் எடை போட்டவர். அவர் முகம் கறுத்ததை நானே பார்த்தேன்.

கல்பாக்கம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில், பழைய டீசல் இன்ஜினோடு ஒரு மரப்படகு விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து, அத்தையும் நானும் பக்கத்தில் இருக்க, யோசனை கேட்டார் மாமா. கிணற்று மேட்டு பம்புசெட்டுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர்.

"போனதும் மொதல்ல இன்ஜின் மேல கையை வையி. சில்லுனு இருக்கணும். சூடா இருந்துதுன்னா நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிகினு இருக்கான்னு அர்த்தம். ஆறிப்போச்சின்னா கிளம்பாது. அதை வாங்காத, வந்துடு."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான தொழில்நுட்ப அறிவுரை அதுதான். மாமாவுக்குச் சொன்னது, நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

நாலு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க மாமா எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "அங்க வந்து எதையும் தொடாத."

படகு கரையோரம் தண்ணீரில் கிடந்தது. விற்கிறவர் லுங்கியை மடித்துக் கட்டிய பெரியவர், அதிகம் பேசாதவர். மாமா படகை ஒரு சேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நீல உடல், மஞ்சள் பார்டர், காம்பினேஷன் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு குனிந்து படகின் பலகையில் கன்னத்தை வைத்தார்.

இதை விளக்க வேண்டும். கச்சாப் பட்டு எடைக்கு விற்பது. ஈரம் ஏற்றினால் எடை ஏறும். அதனால் எங்கள் ஊரில் நூல் கைக்கு வந்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள்; சில்லென்று பட்டால் கடையை விட்டு இறங்கிவிடுவார்கள். ஈரச் சரக்கு விற்கிறவனுக்கு அங்கே திருடனுக்குச் சமமான மரியாதை.

"ஈரமா கீது," என்றார் மாமா, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

பெரியவர் கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "தண்ணில கெடக்குற படகு, ஈரமாத்தான் சாமி இருக்கும்."

"அதெல்லாம் எங்க ஊர்ல நடக்காதுங்க. கரையில ஏத்திப் பத்து நாள் நல்லா காய வச்சிக் குடுங்க. எடுத்துக்கறேன்."

"காய வச்சா மரம் வாய் தொறந்துக்கும் சாமி."

மாமா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். ஈரத்தை மறைக்கப் பார்க்கிறான், புரிந்துகொள் என்று அதற்கு அர்த்தம். நான் புரிந்துகொண்டேன். படகை யாரும் எடை போட்டு விற்பதில்லை என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உன் இஷ்டம் சாமி," என்றார் பெரியவர்.

அடுத்தது இன்ஜின். மாமா உள்ளே இறங்கி அதைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறினார். பெரியவர் ஹேண்டில் எடுக்கக் குடிசைக்குப் போனார். மாமா அவர் பின்னால் ஏதோ பேரம் பேசிக்கொண்டே நடந்தார். மெக்கானிக் சொன்னதை அவர் மறந்தே விட்டாரே என்று நினைத்து, நான் படகில் ஏறி, இன்ஜின் தலையில் என் வலது உள்ளங்கையை முழுசாக வைத்தேன்.

சுட்டது என்று சொன்னால் போதாது. தோசைக்கல் அது. கையை எடுத்து டிரவுசர் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கரையில் வந்து நல்ல பிள்ளையாக நின்றேன்.

பெரியவர் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுதான் சுற்றினார். தடதடவென்று பிடித்துக்கொண்டது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொடாதே என்று சொன்னதைத் தொட்டிருந்தேன். அதோடு முன்சீட்டுக்கு ஐந்து பேர் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அத்தையிடம் ஸ்பூன் கேட்டேன். மாமாவும் கேட்டார். கடற்கரை வரை போய் வந்ததில் அவருக்கும் நாகரிகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படகு லாரியில் வந்து இறங்கியது. பத்து நாள் காய்ந்தது போதாதென்று, சாயம் போட்ட பட்டு உலர்த்தும் வெயிலில் அதையும் ஒரு வாரம் போட்டு வைத்தார் மாமா. தினமும் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். பொங்கலுக்கு முந்தின நாள், "இப்பதான் சரக்கு," என்றார்.

காணும் பொங்கலன்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து படகை ஏரிக்குள் தள்ளினார்கள். முதல் ஓட்டத்தில் மாமா, மெக்கானிக், நான் மூவர் மட்டும். முன்சீட்டில் நான். கரையில் அந்த ஐவரும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. அத்தை தூக்குச்சட்டியோடு நின்றாள்.

இன்ஜின் கிளம்பவில்லை. மெக்கானிக் அரைமணி நேரம் சுற்றினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீ அன்னைக்கி தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன்," என்றார் மாமா, ஏரியின் எதிர்க்கரையைப் பார்த்தபடி. நான் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

கடைசியில் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்தி, காற்று இழுக்கும் வாயில் காட்டினார் மெக்கானிக். இருமிக்கொண்டே பிடித்தது. கரையில் கைதட்டினார்கள். இருபதடி போயிருப்போம்.

"தண்ணி வருது," என்றார் மெக்கானிக்.

"தெளிக்குது."

"தெளிச்சா மேலேருந்து வரும். இது கீழேருந்து வருது."

ஒரு ஓட்டை இல்லை. பலகைக்குப் பலகை இருந்த இடுக்கு எல்லாவற்றிலிருந்தும், அவசரமே இல்லாமல், ஒழுங்காக வந்தது. இன்ஜின் மட்டும் கடமையைச் செய்துகொண்டிருந்தது. தண்ணீர் அதன் வாய்க்கு வரும்வரை ஓடிவிட்டுத்தான் நின்றது. நல்லவேளை, அங்கே மார்பளவு ஆழம்தான். மெக்கானிக் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே தண்ணீரில் நின்றார். விட்டால் பெரணமல்லூர் என்பது அவருக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்து படகை இழுத்துப் போட்டபோது ஒரு விஷயம் நடந்தது. உள்ளே நின்ற தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே ஒழுகவில்லை. ஊறிய மரம் உப்பி, இடுக்கெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. ஈரம்தான் படகை ஒட்டி வைத்திருந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அதில் ஏற யாரும் தயாராக இல்லை. ஏரிக்கரைக்காரர் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாங்கிக்கொண்டார். நல்ல தொட்டி என்று சொல்லுவார்.

இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்தார் மெக்கானிக். கரண்டு போகும் நேரத்தில் மில் ஓட்ட உதவும் என்று அதை அத்தையின் அண்ணன் எடுத்துக்கொண்டார். தை மாதம் முடிவதற்குள் இன்ஜினும் மாமாவும் பெரணமல்லூரில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்ஜின் முதலில் ஓய்வு பெற்றது.

மாமா மாவு படிந்த புருவத்தோடு சிரிக்கும்போதெல்லாம், நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால் கெட்டவர் இவர் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்து, போன பொங்கலுக்கு அவரைப் பார்க்கப் போனபோது சொல்லிவிட்டேன்: இன்ஜின் சூடாக இருந்தது, நான் தொட்டேன், சொல்லவில்லை.

மாமா கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும்தான் தொட்டேன். கொப்புளமே வந்துடுச்சி. சொன்னா வாங்காம திரும்பணுமேன்னு துண்டுல தொடைக்கிற மாதிரி மறைச்சிகினு வந்துட்டேன்."

துண்டில் துடைத்த அந்தக் கை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காபி கொண்டுவந்த அத்தை டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரே நாள்ல மாமனும் மருமவனும் ஸ்பூன் கேட்டா எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் அப்ப ஒரு இன்ஜினும் ஒரு ஆளும் தேடிகினு இருந்தாரு. அதான் கம்முனு இருந்துட்டேன்."