ஷெட்காரருக்கு ஒரு தட்டுக் காளான்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். உப்பு போதவில்லை என்று நான் சொன்னால், கரிக்கிறது என்பாள். அவளைப் பற்றி நானே பெருமையாக வாய் திறக்கிறேன் என்றால் விஷயம் பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தெருவில் அவளுக்குக் காளான்காரி என்று பெயர். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள். வீட்டின் பின்னறையில் வைக்கோல் திணித்த பைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக் காளான் வளர்த்து, ஓட்டல்களுக்குக் கொடுக்கிறாள். அந்த அறைக் கதவை நான் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டால் போதும், ஈரம் போச்சு என்று வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ரிப்பேர் ஷெட். இன்ஜினிலிருந்து இறக்கும் கருப்பு எண்ணெயைச் சுவரோரமாகவே ஊற்றி ஊற்றி, எங்கள் கொல்லையில் பாதி தார் பூசியது போல ஆகிவிட்டது. நடந்தால் செருப்பு ஒட்டும். ஒருநாள் ஷெட்காரரே வந்தார், வெள்ளைச் சட்டை கசங்காமல்.

“செத்த மண்ணும்மா இது. புல்லு கூட முளைக்காது. வந்த விலைக்கு எனக்கே குடுத்துடுங்க, லாரி நிறுத்திக்கறேன்.”

என் கணவர் உடனே தலையாட்டினார். ஆனால் இடத்தில் பாதி அவர் தங்கையான இவளுக்கு. அவள் சட்டென்று சொன்னாள்: “சாகடிச்சவருக்கே பொணத்தை விக்கறதா? நான் கையெழுத்து போட மாட்டேன்.”

அந்தக் கோபத்தில் என் கணவர், அறுவடை முடிந்து அவள் ஒதுக்கி வைத்திருந்த பைகளையெல்லாம் கிழித்து, வைக்கோலைக் கருப்பு மண்மேல் கொட்டினார். செருப்பாவது ஒட்டாதே என்று. மழைக்காலம் முடிந்து அவள் அதைக் கிளறிப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. எண்ணெய் நாற்றம் குறைந்திருந்தது. ஓரத்தில் கொத்தாகக் காளான்!

காளான் விதை விற்பவரிடம் விசாரித்தாள். வைக்கோலைத் தின்கிற அந்தக் காளான் நூல், எண்ணெயையும் மெதுவாகத் தின்னும் என்றார் அவர். அவ்வளவுதான், மண்ணைக் கொத்துவதும் பழைய வைக்கோலைக் கலப்பதும் அவளுக்கு முழுநேர வேலை ஆகிவிட்டது. உனக்கென்ன பைத்தியமா என்று திட்டிக்கொண்டே நானும் தண்ணீர் சுமந்தேன். ஒரு மூலை மண்நிறத்துக்குத் திரும்பிப் புல் எட்டிப் பார்த்த வாரம், சுவருக்கடியிலிருந்து புது எண்ணெய் வழிந்து வந்தது.

கேட்கப் போனவளோடு ஷெட்காரர் கொல்லைக்கே வந்தார், கூட நாலு டிரைவர்கள். காளானைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

“காளானே முளைக்குது. அப்ப என் எண்ணெயில என்ன விஷம்? உரம்னுல்ல சொல்லணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்கள் போன பிறகு அவள் காளானைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“அண்ணி, ஒரு பழைய வாணலி குடுங்க. திரும்ப நீங்க அதுல சமைக்க முடியாது.”

கொடுத்தேன். வெங்காயம் போட்டு வதக்கினாள். வாசனை என்னமோ நன்றாகத்தான் இருந்தது. தட்டோடு அவள் முன்னே போக, நானும் என் கணவரும் பின்னால் போனோம். ஷெட்டில் மெக்கானிக்குகள் முன்னால், அவர் மேஜையில் தட்டை வைத்தாள்.

“உரத்துல விளைஞ்சது. சாப்பிடுங்க.”

“நீ முதல்ல சாப்பிடும்மா.”

“எண்ணெய் ஊத்தினது நீங்க. விருந்தும் உங்களுக்குத்தான்.” குரலை உயர்த்தவே இல்லை. “எண்ணெயைத்தான் காளான் தின்னும். இன்ஜின் தேய்ஞ்சு அதோட வர்ற ஈயத்தைத் தின்னாது, தனக்குள்ள சேத்து வச்சுக்கும். இதுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு வாய் தின்னுட்டா இப்பவே கையெழுத்து போடறேன். எடம் உங்களுக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசை யாரை விட்டது? அவர் ஒரு துண்டை எடுத்தார். மூக்குவரை கொண்டுபோனார். ஒரு மெக்கானிக் மெதுவாக, “வேணாம் மொதலாளி” என்றான். ஷெட்காரர் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையை வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நாளையிலேருந்து எண்ணெயை டிரம்ல பிடிங்க” என்றாள். அந்தத் தட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

இப்போது ஷெட்டில் டிரம் நிற்கிறது. கழிவு எண்ணெய் எடுக்கிற வண்டி வரும்போது, எங்கள் கொல்லையில் முளைக்கிற காளானையும் மூட்டை கட்டி அதிலேயே ஏற்றிவிடுகிறாள். அதை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. சுவரோரம் இன்னும் கருப்புதான். கொத்திக்கொண்டே இருக்கிறாள். எங்கள் சண்டையும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த வாணலியைத் தூக்கிப் போடச் சொன்னாள். இந்த ஒரு விஷயத்தில் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கழுவாமல் கொல்லைச் சுவர் உச்சியில் ஆணி அடித்து, ஷெட்காரர் கண்ணில் படுகிற மாதிரி நானே மாட்டி வைத்திருக்கிறேன்.