டேப்பின் மூலையில் இருந்த படம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது சுபோதினியின் பிளாட். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு பறக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் அதுதான் தங்குமடம். விசாவுக்கு வந்தாலும் சரி, விமானம் ஏற வந்தாலும் சரி, புட்டு அவித்து, பாய் தலையணை கொடுத்து, சூட்கேஸை நிறுத்துப் பார்த்து அனுப்பிவைப்பாள். ஒரு சதம் வாங்கமாட்டாள். கை அவ்வளவு தாராளம். வாயும் அவ்வளவு தாராளம், அதுதான் சனியன்! போனவர்கள் விமானத்தால் இறங்குமுன்னே அவர்களுடைய கதை அங்கே இறங்கியிருக்கும். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று தொடங்கித்தான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவாள்.

இந்த முறை வந்தவள் நிரோஜினி, சுபோதினியின் ஒன்றுவிட்ட தம்பியின் மகள். கலியாணப் பதிவு எழுத்து முடிந்து, கனடாவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் வெள்ளிக்கிழமை பறக்க இருந்தாள். கலியாணம் அங்கேதான். சுபோதினியின் மகள் தனுஷியா, கலியாணம் முடித்துக் கிருலப்பனைக்குப் போனபோது தாய்க்கு விட்டுப்போன பழைய தொடுதிரை டேப் ஒன்று ஹோலில் கிடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தட்டுவார்கள். நிரோஜினியும் தட்டினாள்.

பிரதோஷம் எப்போது என்று பார்க்கத்தான் சுபோதினி அதைக் கையில் எடுத்தாள். கூகிளில் விரல் வைத்ததும், முன்பு தேடியவை கீழே இறங்கின. "கரு கலைந்த பிறகு எத்தனை நாள் இரத்தம் போகும்." அதற்குக் கீழே, "கரு கலைந்ததை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது."

அடி பாவி! பூனை மாதிரி இருந்துகொண்டு இந்த வேலையா பார்த்தாய்?

டேப்பை மூடிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பெட்டையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் விட்டால்தானே! மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குக் கனடாவுக்கு வாட்ஸப் எடுத்தாள். "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ..."

மறுநாள் மாப்பிள்ளையின் அழைப்பு வரவில்லை. மத்தியானம் ஒரு செய்தி மட்டும் வந்தது: பெரியம்மா எல்லாம் சொல்லிப்போட்டா, வெள்ளிக்கிழமை வரவேண்டாம். சுபோதினி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நிரோஜினி கண் சிவக்க வந்து நின்றாள்.

"மாமி, பெரியம்மாவுக்கு நீங்கள் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"நான் சொன்னதை விடு. இதுக்கு என்னடி சொல்லுறாய்?" சுபோதினி டேப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பெட்டை வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. "மாமி, ஆக்களின்ர டேப்பில நான் பிரைவேட்டிலதான் பாக்கிறனான். மூடினா ஒண்டும் மிஞ்சாது. நான் பாத்தது எத்தினை கிலோ சாமான் கொண்டுபோகலாம் எண்டு. அதுகூட இதில இல்லை, பாருங்கோ." பிறகு திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். நகமளவு வட்டத்துக்குள் தனுஷியாவின் கலியாணப் படம். இத்தனை காலமும் அது அழகுக்கு இருக்கிறது என்றுதான் சுபோதினி நினைத்திருந்தாள். "இது தனுஷியா மச்சாளின்ர கணக்கு. அவ தன்ர ஃபோனில தேடுறதெல்லாம் இஞ்சையும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது. அந்த அம்மா ஆரென்று சுபோதினிக்கு இப்போது தெரிந்தது. பெற்ற பிள்ளை வயிற்றில் இருந்ததைப் பறிகொடுத்துத் தனியே கிடந்திருக்கிறாள். தான் அதை எடுத்து ஊரான் பிள்ளையின் தலையில் கொட்டியிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

நிரோஜினி தனுஷியாவின் கணக்கை டேப்பிலிருந்து எடுத்துவிட்டாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், மாமி" என்றாள். அவள் சொல்லவும் மாட்டாள். தன்மீது விழுந்த பழிக்குப் பதில் கையில் இருந்தும் அவள் ஃபோனைத் தொடவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கச் சுபோதினி கூனிக் குறுகிப்போனாள்.

ஃபோனைச் சுபோதினியேதான் எடுத்தாள்.

"அக்கா, அது நிரோஜினி இல்லை."

"பின்னை ஆர்?" என்றது கனடா.

உண்மையைச் சொன்னால் ஒருத்தி தப்புவாள். மற்றவளின் கதை நாளைக்கு லண்டன் வரைக்கும் போய்விடும். சுபோதினி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒருத்தரும் இல்லை, அக்கா. பொறாமையில நான்தான் பொய் சொன்னனான்."

அந்த மனிசி வாயில் வந்தபடியெல்லாம் ஏசினாள். ஏசி முடியும்வரை சுபோதினி ஃபோனை வைக்கவில்லை. இரவுக்கு முன் மாப்பிள்ளை நிரோஜினியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். வெள்ளிக்கிழமை அவள் பறந்தாள். "போட்டு வாறன், மாமி" என்றபோது முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா?

சனிக்கிழமை சுபோதினி சரக்குத் தூள் அரைத்து மீன் கறி வைத்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வைக்கிற கறி. தனுஷியாவிடம் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. கறியை என்றாலும் கொடுப்போம் என்று ஓட்டோ பிடித்துக் கிருலப்பனைக்குப் போனாள்.

தனுஷியா சாப்பாட்டுக் கரியரின் மூடியைத் திறந்தாள். மிளகும் மல்லியும் மணந்தன. மகளின் முகம் வெளிறிப்போயிற்று. தாயின் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை, எப்படித் தெரியும் என்று கேட்கவுமில்லை.

"அம்மா, ஆருக்கெல்லாம் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லைப் பிள்ளை. சத்தியமா."

தனுஷியா தலையை ஆட்டினாள். மூடியைத் திரும்பவும் போட்டாள். அவள் நம்பவில்லை.