அவர் கையெழுத்து, என் வளவு

சுனாமிக்குப் பிறகு நாங்கள் முகாமில் இருந்த நேரம் வீட்டுத்திட்டக் கோப்புகளோடு இரண்டு பேர் வந்தார்கள். "குடும்பத் தலைவர்மார் மட்டும் வாங்க" என்றார்கள். என் கணவரும் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

"புது வீடு தாறாங்க, ஒரு கையெழுத்துத்தானே" என்றார்.

சும்மா வீடு தருகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் கொண்டுவந்த பிரதியைத் திருப்பிப் பார்த்தேன். புது வீட்டுக்குப் பதிலாக, கல்லடிக் கடற்கரையில் எங்கள் பழைய வீடு நின்ற வளவை விட்டுக்கொடுப்பதாகப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இரண்டு தரம் வாசித்தேன். பிறகுதான் உறைத்தது, அந்த வளவு அம்மா எனக்குச் சீதனமாக எழுதியது. எங்கள் பக்கத்தில் வளவு பெண்ணுக்குத்தானே! காணி உறுதிப் பத்திரத்தைக் கடல் கொண்டுபோனாலும் காணிக் கந்தோரில் அதன் பதிவு இருந்தது. தன்னுடையதல்லாததை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்?

இப்படி மாட்டிய ஐந்து பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டோம். யுத்தம் முடிந்த பிறகுதான் வீட்டுத்திட்டக்காரர் இணக்கத்துக்கு வந்தார்கள். வளவு எங்களுக்கே, புது வீடும் எங்கள் பெயரில். வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்துப் படிவமே மாறியது. உறுதி யார் பெயரிலோ அவர்தான் இனிக் கையெழுத்திட வேண்டும்.

புதுப் படிவத்தோடு வந்தவர் சிரித்தார். "அக்கா, இனி உங்கட கையெழுத்துத்தான் வேணும்."

"வச்சிட்டுப் போங்க. வாசிச்சிட்டு நாளைக்குத் தாறன்."

இப்போதெல்லாம் எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறேன். முன்பு அவரை ஏமாற்றினால் போதும் என்றிருந்தார்கள். இனி என்னைத்தானே ஏமாற்ற வேண்டும்!